மே வந்தாலே படுத்துவிடுகிறேன்: கேப் டவுன் குளிர்காலமும் மனச்சோர்வும்

நியூலாண்ட்ஸ்_மதுரைக்காரி
ஜூன் 23, காலை 10:40

எல்லாருக்கும் வணக்கம். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசித்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

நான் தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனுக்கு வந்து இது ஐந்தாவது குளிர்காலம். இங்கே ஜூன், ஜூலைதான் நடுக் குளிர். ஒவ்வொரு வருடமும் மே மாதம் பாதி தாண்டியதும் ஒன்று ஆரம்பிக்கிறது. இரவு ஒன்பதுக்குப் படுத்தால் காலை எட்டு வரை தூங்குகிறேன். ஆனாலும் எழும்போது தூங்கின மாதிரியே இல்லை. கைகால் கல்லாய்க் கனக்கிறது. சோறு, பிரெட், ரஸ்க், உருளைக்கிழங்கு என்று மாவுப் பண்டத்துக்கே கை போகிறது. போன வருடம் ஐந்து கிலோ ஏறினேன். அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டால், அடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். நின்றதும், எடுக்கவில்லையே என்று அழுவேன். மகள் வரைந்த படத்தைக் கொண்டுவந்து நீட்டினால் "நல்லா இருக்கு" என்று வாய் சொல்லும், மனசு அசையாது. இதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

அக்டோபரில் தானாகவே விலகிவிடும். ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைக்கத் தோன்றினால் சரியாகிவிட்டேன் என்று அர்த்தம்.

முதல் வருடம் ஊர் ஞாபகம் என்று நினைத்தேன். இரண்டாவது வருடம் ரத்தசோகை என்று நானே முடிவுகட்டி இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன். "ஆடி மாசம் அப்படித்தான் இருக்கும், அம்மனுக்கு வேண்டிக்கோ" என்று அம்மா சொன்னார். புரட்டாசி விரதம் இருந்தேன், மனசு தெளிந்தது. அடுத்த வருடமும் விரதம், அடுத்த வருடமும் தெளிந்தது. விரதம்தான் காப்பாற்றுகிறது என்று உறுதியாக நம்பினேன்.

சென்ற வாரம் பழைய நாட்குறிப்புகளைப் புரட்டினேன். நான்கு வருடமும் அதே வாரங்களில் எழுத்து நின்றுபோகிறது, அதே வாரங்களில் திரும்ப ஆரம்பிக்கிறது. இப்படி வேறு யாருக்காவது இருக்கிறதா? இதற்கு டாக்டரிடம் போகலாமா, அல்லது குளிர் என்றால் எல்லாருக்கும் இப்படித்தானா?


ஜோபர்க்_பொறியாளர்
ஜூன் 23, மதியம் 1:15

வணக்கம் சகோதரி. படிக்கவே கஷ்டமாக இருந்தது. எனக்கு ஒரு சந்தேகம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளிச்சம் குறைவதால் வரும் மனச்சோர்வு பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் அது நார்வே, பின்லாந்து மாதிரி நாடுகளில் வருவது என்றுதான் நினைத்திருந்தேன். ஜோஹன்னஸ்பர்கில் குளிர்காலம்தான் பளிச்சென்று வெயில் அடிக்கும் காலம். கேப் டவுன் அதற்கு நேர்மாறு, மழைக்காலமே குளிர்காலம் என்பது தெரியும். இருந்தாலும் அங்கே நாள் முழுக்க இருட்டிவிடுவதில்லையே. தனிமை காரணமாக இருக்குமோ? பேச ஆள் இருக்கிறார்களா?


டர்பன்_சைக்காலஜிஸ்ட்
ஜூன் 23, மாலை 6:50

நான் டர்பனில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக வேலை செய்கிறேன். யாரையும் இங்கே சோதித்து நோய் சொல்ல முடியாது. ஆனால் பொறியாளர் அண்ணா கேட்டது நல்ல கேள்வி, அதிலிருந்து தொடங்குகிறேன்.

பூமத்திய ரேகையிலிருந்து விலகிப் போகப் போக இது அதிகம் காணப்படுகிறது என்பது சரி. நம் நாடு நார்வே இல்லை என்பதும் சரி. ஆனால் கேப் டவுனின் காலை நேரத்தைக் கொஞ்சம் பாருங்கள். நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம். அந்தக் கடிகாரம் டர்பனுக்குப் பக்கத்தில் ஓடும் 30 பாகை தீர்க்கரேகையை வைத்து அமைந்தது. கேப் டவுன் அதற்கு மேற்கே 11 பாகைக்கும் மேல் தள்ளி இருக்கிறது. அதனால் ஜூன் கடைசியில் டர்பனில் 6:50 வாக்கில் சூரியன் உதித்துவிடும். கேப் டவுனில் 7:50 ஆகும். அங்கே ஐந்தே முக்காலுக்கு எழுந்து டிபன் கட்டுகிறவர் இரண்டு மணி நேரம் இருட்டிலேயே வேலை செய்கிறார். நம் உடம்புக் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்வது விடிகாலை வெளிச்சம். கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்காக அல்லாமல், வெளிச்சம் இருக்கிறதா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் உண்டு. அந்தச் செய்தி தாமதமானால் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பு காலையிலும் இழுத்துக்கொண்டு போகலாம், சிலருக்கு மனநிலையும் சேர்ந்து சரிகிறது. எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு. ஏன் அந்தச் சிலருக்கு மட்டும் என்பதில் செரடோனின் என்ற மூளை ரசாயனத்துக்கும் பரம்பரைக்கும் பங்கு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

இன்னொன்று, சகோதரி மதுரைக்காரர். மதுரையில் வருடத்தின் மிகக் குறுகிய பகலே ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம். கேப் டவுனில் ஜூனில் பத்து மணி நேரத்துக்கும் குறைவு, டிசம்பரில் பதினான்கரை மணி நேரத்தைத் தொடும். வளர்ந்த ஊரில் அவர் உடம்பு இப்படி ஓர் ஏற்ற இறக்கத்தைக் கண்டதே இல்லை.

இந்த நிலைக்கு 1984இல் பருவகாலச் சோர்வு (Seasonal Affective Disorder) என்று பெயர் வைத்து விவரித்தவர் நார்மன் ரோசந்தால். அவர் ஜோஹன்னஸ்பர்க்காரர், விட்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். 1976இல் நியூயார்க் போனபின் அங்கே குளிர்காலத்தில் தன் சுறுசுறுப்பு போவதையும், வசந்தத்தில் திரும்புவதையும் கவனித்திருக்கிறார். சகோதரி நாட்குறிப்பில் கண்டதைத்தான் அவரும் தன் உடம்பில் கண்டார்.

தனி நோய் என்று இதைச் சொல்வதில்லை. குறிப்பிட்ட பருவத்தில் வந்து, பருவம் மாறினால் முழுக்க விலகும் மனச்சோர்வு. குறைந்தது இரண்டு வருடம் தொடர்ந்து அப்படி நடந்திருக்க வேண்டும். அதிகத் தூக்கம், மாவுச்சத்து மேல் ஆசை, எடை கூடுவது, கைகால் கனப்பது எல்லாம் குளிர்கால வகையில் அடிக்கடி கேட்பவை. தயவுசெய்து ஒரு ஜி.பி. டாக்டரை, அதாவது பொது மருத்துவரை, பாருங்கள். அந்த நாட்குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.


சாட்ஸ்வொர்த்_ஆயா
ஜூன் 24, காலை 8:05

கண்ணு, என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். கோயில் பள்ளியில் கற்றது.

உன் அம்மா சொன்னதை நாங்களும் சொல்லியே வளர்ந்தோம். 1860இல் ட்ரூரோ கப்பல் மதராசிலிருந்து நம் ஆட்களை டர்பனுக்குக் கூட்டிவந்தது. அதற்குப் பின் வந்த கப்பல்களில் எங்கள் குடும்பமும் வந்தது. அவர்கள் ஆடியையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஊரில் ஆடி என்றால் காற்று. இங்கே ஆடி என்றால் நடுக் குளிர். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற பூசைக்கு விடியற்காலையில் கோயில் முற்றத்தில் அடுப்பு மூட்டும்போது மூச்சு புகையாகப் போகும். கல்யாணம் கிடையாது, புது வீடு கிடையாது. வீடே அடங்கிக் கிடக்கிற மாதத்தில் ஒரு பெண் அடங்கிக் கிடந்தால் யார் கவனிப்பார்கள்?

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்கிறேன். கல்யாணமாகி கேப் டவுன் ரைலண்ட்ஸுக்குப் போனாள். குளிர்காலம் வந்தால் தலை வார மாட்டாள், அடுப்பங்கரைக்கு வர மாட்டாள். மாமியார் வீட்டில் சோம்பேறி என்றார்கள். இன்னொரு பக்கம் காத்து கருப்பு என்றார்கள், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். டிசம்பரில் எங்களைப் பார்க்க டர்பன் வரும்போது பாட்டுப் பாடிக்கொண்டே இருபது பேருக்குச் சமைப்பாள். அதனால் நாங்களும் "நல்லாத்தானே இருக்கிறாள், அங்கே வேலைக்கு அழுகிறாள்" என்று நினைத்தோம். நானே அவளிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அவள் இறந்துபோய் ஒன்பது வருடம் ஆகிறது. மேலே டாக்டரம்மா எழுதியதைப் பேத்தி வாசித்துக் காட்டியபோது எனக்கு அவள் ஞாபகம்தான்.

அம்மனைக் கும்பிடு. டாக்டரிடமும் போ. அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.


நியூலாண்ட்ஸ்_மதுரைக்காரி
ஜூன் 24, இரவு 9:30

ஆயா, உங்கள் பதிவைப் படித்து நிறைய நேரம் அழுதேன். ஆனால் இது வேறு அழுகை. நன்றி.

பொறியாளர் அண்ணா, தனிமையும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அதே தனிமை ஜனவரியிலும் இருக்கிறது, அப்போது எனக்கு இப்படி ஆவதில்லை.

வெளிச்சம் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். எங்கள் வீடு டேபிள் மலைக்குக் கிழக்கே, அடிவாரத்தில் இருக்கிறது. பிற்பகல் நான்குக்கு முன்னாலேயே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். காலையில் இருட்டு, பிற்பகலில் மலை நிழல், நடுவில் மழை. வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்வதால் வெளியே போகவேண்டிய கட்டாயமும் இல்லை. விளக்குப் பெட்டி என்று ஒன்று விற்கிறார்களாமே, யாராவது வாங்கியிருக்கிறீர்களா?


மாரிட்ஸ்பர்க்_மருந்தாளர்
ஜூன் 25, காலை 7:20

விளக்கு பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மருந்துக்கடையில் நிறையப் பேர் கேட்பதால்.

ஆய்வுகளில் அதிகம் பயன்பட்ட அளவு 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு), தினமும் காலையில் எழுந்ததும் சுமார் 30 நிமிடம். இங்கே எல்லாரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பெட்டியில் 10,000 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது எவ்வளவு தூரத்தில் என்பதைப் பொடி எழுத்தில் போடுவார்கள். முகத்தை ஒட்டி வைத்தால்தான் அந்த அளவு கிடைக்கும் என்றால் வாங்காதீர்கள். ஒரு கை நீளத்துக்குள் வசதியாக உட்கார்ந்து சாப்பிடவோ படிக்கவோ முடிய வேண்டும். விளக்கை வெறித்துப் பார்க்க வேண்டாம், அது முகத்துக்கு முன்னால் இருந்து கண் திறந்திருந்தால் போதும். புற ஊதாக் கதிரை வடிகட்டியதாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் நம் 230 வோல்ட்டுக்கு ஒத்துவருமா என்று பாருங்கள், அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்ததை இங்கே சொருகினால் போச்சு. மாலையில் போடாதீர்கள், தூக்கம் கெடும். ஓரிரு வாரத்தில் பலருக்கு வித்தியாசம் தெரியும்.

வாங்கும் முன் டாக்டரிடம் கேட்கவேண்டியவர்கள் உண்டு. சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்தவர்கள், வேறு கண் நோய் உள்ளவர்கள், வெளிச்சத்துக்குத் தோலைக் கூச வைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள். இவர்களைவிட முக்கியம், வருடத்தில் எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகம், தூக்கமே தேவைப்படாத நாட்கள், கண்மண் தெரியாத செலவு என்று வந்தவர்கள். அது இருதுருவ மனநிலைக் கோளாறாக இருக்கலாம். விளக்கும் சரி, மனச்சோர்வு மாத்திரையும் சரி, அவர்களை அந்தப் பக்கம் தூக்கி எறியக்கூடும். நம் குடும்பங்களில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூலிகைதானே என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பணம் கட்ட வருபவர்களை நான் நிறுத்திக் கேள்வி கேட்பேன். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து, கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றையும் கெடுக்கும். வைட்டமின் டி குறைவு இருந்தால் அதைச் சரிசெய்யுங்கள், ஆனால் இந்தச் சோர்வை அது மட்டும் தீர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

விளக்கு வாங்க வசதி இல்லையா? வெளியே போங்கள். ஆபீஸ் அறையில் 300 முதல் 500 லக்ஸ் இருந்தால் அதிகம். மேகமூட்டமான நாளில்கூட வெளியே பல ஆயிரம் இருக்கும். குடை பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நடந்தாலும் கணக்குதான்.


பெல்வில்_தம்பி
ஜூலை 2, இரவு 1:50

இந்த இழையை ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் இதேதான், மூன்றாவது வருடம். அறையில் தனியாக இருக்கிறேன். வேலைக்கு நான்கு நாளாகப் போகவில்லை. எழுந்து என்ன ஆகப்போகிறது என்று இருக்கிறது. நான் இல்லாவிட்டால் வீட்டில் கொஞ்ச நாள் அழுவார்கள், அப்புறம் சரியாகிவிடுவார்கள் என்று தோன்றுகிறது. யாராவது விழித்திருக்கிறீர்களா?


மாரிட்ஸ்பர்க்_மருந்தாளர்
ஜூலை 2, இரவு 1:58

விழித்திருக்கிறேன் தம்பி. நேராகவே கேட்கிறேன், உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா? ஆமாம் என்றால் சொல்லுங்கள், அதிர்ச்சியடைய மாட்டேன்.

இப்போதே 0800 567 567 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு மற்றும் பதற்றக் குழு நடத்தும் தற்கொலைத் தடுப்பு எண், 24 மணி நேரமும் உண்டு. ஆங்கிலத்தில் பேச வராவிட்டால் "ஐ ஆம் நாட் சேஃப்" என்ற ஒரு வரி போதும். பக்கத்து அறையில் யாராவது இருந்தால் கதவைத் தட்டுங்கள், இரண்டு மணியானாலும் தட்டுங்கள். உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் உங்களைக் காயப்படுத்தக்கூடிய எதுவும் இருந்தால் அதைவிட்டு வேறு இடத்துக்குப் போய் உட்காருங்கள். நான் இங்கேயே இருக்கிறேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு புள்ளியாவது போடுங்கள்.


பெல்வில்_தம்பி
ஜூலை 2, இரவு 2:06

.


நியூலாண்ட்ஸ்_மதுரைக்காரி
ஜூலை 2, இரவு 2:09

தம்பி, நானும் இருக்கிறேன், அக்கா என்று நினைத்துக்கொள். இருபது நிமிட தூரம்தான். தனிச்செய்தியில் என் எண்ணையும் என் கணவர் எண்ணையும் அனுப்பியிருக்கிறேன். முதலில் மருந்தாளர் சொன்ன எண், அப்புறம் நாங்கள். உன் விலாசத்தை அனுப்பினால் இப்போதே வருகிறோம்.


பெல்வில்_தம்பி
ஜூலை 2, இரவு 2:31

கூப்பிட்டேன். ஓர் அம்மா பேசினார். அக்கா வீட்டார் வந்துகொண்டிருக்கிறார்கள்.


சாட்ஸ்வொர்த்_ஆயா
ஜூலை 2, காலை 5:40

இப்போதுதான் எழுந்து பார்த்தேன். விளக்கேற்றி வைத்திருக்கிறேன். பையன் சாப்பிட்டானா?


நியூலாண்ட்ஸ்_மதுரைக்காரி
ஜூலை 9, மாலை 4:20

ஆயா, சாப்பிட்டான். அன்று விடியற்காலையே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். ஒரு நாள் அங்கே வைத்துப் பார்த்தார்கள். இப்போது சிகிச்சையில் இருக்கிறான், அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவன் அக்கா ஊரிலிருந்து கிளம்பி வருகிறார். வேலை போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தான். வாரம் ஐந்து நாள் வேலை என்றால் மூன்று வருடச் சுற்றுக்கு 30 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு சட்டத்திலேயே உண்டு. டாக்டர் சான்றிதழில் நோயின் விவரம் எழுதியாக வேண்டும் என்பதும் இல்லை. இது தெரிந்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அப்புறம், நானும் டாக்டரைப் பார்த்துவிட்டேன். அவனைக் கூட்டிப்போன எனக்கு, நான் போகாமல் இருக்க வெட்கமாக இருந்தது.

போகும் முன் ஒரு வேலை செய்தேன், யாருக்காவது உதவும். டாக்டர் முன்னால் ஆங்கிலத்தில் பேசும்போது "டயர்ட்" என்பதைத் தாண்டி எனக்கு வார்த்தையே வராது. இரண்டு வருடம் முன்பு ஒரு டாக்டரிடம் அப்படிச் சொல்லித்தான் சத்து மாத்திரையோடு திரும்பினேன். அதனால் முதல் நாள் இரவே தமிழில் எழுதினேன். மனசு மரத்துப்போச்சு, யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கலை, பிள்ளை சிரிச்சா எனக்குச் சிரிப்பு வரலை, குளிக்கிறதே மலையா இருக்கு. கணவர் அதை ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். தாளை அப்படியே நீட்டிவிட்டேன். டாக்டர் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே பாதி பாரம் இறங்கியது.

தைராய்டு, இரும்பு, பி12 மூன்றுக்கும் ரத்தம் எடுத்தார். நான் சைவம் என்பதால் பி12 கட்டாயம் என்றார். அதில் கொஞ்சம் குறைவு, மற்றவை சரி. பி12க்கு ஊசி, மனச்சோர்வுக்கு விளக்கு, சைக்காலஜிஸ்டுக்குச் சீட்டு. மூன்று வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் மாத்திரை பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்.


டர்பன்_சைக்காலஜிஸ்ட்
ஜூலை 9, இரவு 8:15

இருவரையும் நினைத்து நிம்மதி. மாத்திரை பற்றிப் பயம் வேண்டாம். கனடாவில் செய்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்றில் விளக்கையும் ஃப்ளூஆக்ஸெட்டின் மாத்திரையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. விளக்கு சில நாள் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

பேச்சு சிகிச்சையை மட்டும் பாதியில் விட்டுவிடாதீர்கள் என்பேன். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில், பருவகாலச் சோர்வுக்கென்று வடிவமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் விளக்கையும் ஒப்பிட்டார்கள். முதல் குளிர்காலத்தில் இரண்டும் சமம். இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தால், பேச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்குத் திரும்ப வந்தது குறைவு. காரணம் எளிது என்று நினைக்கிறேன். விளக்கை அலமாரியில் வைத்தால் அது அலமாரியில்தான் இருக்கும். "மே வந்துவிட்டது, நான் முடிந்தேன்" என்ற எண்ணத்தைப் பிடித்து நிறுத்தக் கற்றுக்கொண்டால் அது உங்களோடு வரும்.

செலவு கவலையாக இருந்தால் உங்கள் மெடிக்கல் எய்டிடம் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) கட்டாயக் குறைந்தபட்சப் பலன் பற்றிக் கேளுங்கள். பெரும் மனச்சோர்வு அதில் வருகிறது. மருத்துவமனையில் மூன்று வாரம் வரை, அல்லது வெளியில் 15 உளசிகிச்சைச் சந்திப்பு வரை ஒரு வருடத்துக்கு உண்டு. தானாகத் தர மாட்டார்கள், டாக்டர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மெடிக்கல் எய்ட் இல்லாதவர்கள் பக்கத்து அரசு கிளினிக்குக்கே போகலாம், அங்கிருந்து மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள்.


பீனிக்ஸ்_ஆசிரியை
ஜூலை 11, மாலை 5:00

என் கதை தலைகீழ். எனக்கு இது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. டர்பன் புழுக்கத்தில் தூக்கம் போய்விடும், சாப்பாடு இறங்காது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுவேன். எல்லாரும் கடற்கரையில் கொண்டாடும்போது எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று யாரிடமும் சொன்னதில்லை. கோடையில் வரும் வகையும் உண்டா?


டர்பன்_சைக்காலஜிஸ்ட்
ஜூலை 11, இரவு 7:40

உண்டு ஆசிரியை. குளிர்கால வகையைவிட அரிது. தூக்கமின்மை, பசியின்மை, பதற்றம், எரிச்சல் என்று நீங்கள் எழுதியது போலவேதான் இருக்கும். விளக்கு உங்களுக்கானது அல்ல. டிசம்பர் வரை காத்திருக்காமல் நவம்பரிலேயே ஒரு டாக்டரைப் பாருங்கள்.


நியூலாண்ட்ஸ்_மதுரைக்காரி
செப்டம்பர் 27, காலை 9:10

புரட்டாசி இரண்டாம் சனி முடிந்தது. விரதம் இருக்கிறேன், இந்த வருடமும்.

மாத்திரை வேண்டியிருக்கவில்லை. விளக்கு பத்தாவது நாளிலிருந்து வேலை செய்தது. நடுவில் மகளுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் விட்டேன், மறுபடி கனத்துப்போனது, மறுபடி பிடித்தேன். ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள் மகள் யானைக்கு நீலக் காது வரைந்து கொண்டுவந்தாள். ஏன் நீலம் என்று கேட்டேன். கேட்டபிறகுதான் கவனித்தேன், தெரிந்துகொள்ள ஆசைப்பட்டே கேட்டிருக்கிறேன் என்று.

இந்த விரதத்தைப் பற்றி நிறைய யோசித்தேன். இங்கே புரட்டாசி வசந்தத்தில் வருகிறது. செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் சமமாகி, அதன்பின் பகல் இரவைவிட நீளமாகிறது. நான் விரதத்துக்குக் கொடுத்த பெயரில் பாதி சூரியனுக்குப் போகவேண்டியது. ஆனால் விரதத்தை விடத் தோன்றவில்லை. விடிகாலையில் எழுந்து குளித்து, கிழக்கே பார்த்து நிற்கிறேனே, அதுவும் வெளிச்சம்தானே. இப்போது நன்றி சொல்ல இருக்கிறேன், முன்பெல்லாம் கெஞ்ச இருந்தேன்.


சாட்ஸ்வொர்த்_ஆயா
செப்டம்பர் 27, காலை 11:30

யானைக் காது ஏன் நீலமாம்?


நியூலாண்ட்ஸ்_மதுரைக்காரி
செப்டம்பர் 27, காலை 11:48

காதில் மழை தேங்கியிருக்கிறதாம் ஆயா.


பெல்வில்_தம்பி
மார்ச் 30, மாலை 6:25

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். என் டாக்டர் இந்த வருடம் சோர்வு வரும்வரை காத்திருக்கவில்லை. பருவகாலச் சோர்வு திரும்புவதைத் தடுக்க புப்ரோபியான் என்ற மாத்திரையை முன்கூட்டியே தொடங்குவது உண்டு, 2006இலேயே அமெரிக்காவில் அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வலிப்பு வந்ததில்லையே என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு அதைத் தொடங்கியிருக்கிறார். வசந்தம் வந்தபின் அவர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும், நானாக நிறுத்தக் கூடாது.

அக்கா, உங்கள் விளக்கை எப்போது எடுக்கப்போகிறீர்கள்?


நியூலாண்ட்ஸ்_மதுரைக்காரி
மார்ச் 30, இரவு 8:50

ஏப்ரல் கடைசி வாரம் தம்பி, நாட்காட்டியில் குறித்துவிட்டேன். மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்று போன வருடம் தவித்தேன், இப்போது சின்ன இன்வெர்ட்டர் ஒன்று வாங்கியிருக்கிறோம். விளக்கும் ரைஸ் குக்கரும் சேர்ந்து ஓடாது, அதனால் அந்த அரை மணி நேரத்துக்குச் சமையல் இல்லை. ஞாயிறு காலை சீ பாயிண்ட் கடற்கரையில் நடக்கலாமா? எட்டு மணிக்கு வா, இட்லி கொண்டுவருகிறேன்.


பெல்வில்_தம்பி
மார்ச் 30, இரவு 8:53

வருகிறேன் அக்கா. சட்னி காரமாக இருக்கட்டும்.